பெரியம்மாவின் மாத்திரையும் ஆர்.என்.ஏ. மருந்தும்

போன வாரம் வகுப்பில் செமினார். எனக்கு விழுந்த தலைப்பு 'ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆர்.என்.ஏ. மருந்துகள்'. இருபது நிமிஷம் படம் காட்டி, கை காலை ஆட்டி ஒரு வழியாகப் பேசி முடித்து உட்காரப் போனேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "எல்லாம் சரிடா, உங்க தர்மபுரிக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. சம்பந்தம் இருக்கிறது. அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, பயோடெக் மூன்றாம் ஆண்டு மாணவன். இதைப் படித்துவிட்டு யாரும் எந்த மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். புண்ணியமாப் போகும்.

சம்பந்தம் என்றால் என் பெரியம்மா. அரூர் பக்கத்தில் ஒரு கிராமம். சின்ன வயசில் தொண்டை வலி, அப்புறம் ஜுரம், அப்புறம் முட்டி வீக்கம். நாலு நாளில் சரியாப் போச்சு என்று விட்டுவிட்டார்கள். அதற்குப் பெயர் ருமாட்டிக் ஜுரம் என்பதும், அது மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்பதும் அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. நாற்பதைத் தொடுவதற்குள் ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்க ஆரம்பித்தது. வால்வு சுருங்கிவிட்டது என்றார்கள். சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக வால்வு வைத்தார்கள். ராத்திரி ஊரடங்கின பிறகு பக்கத்தில் படுத்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். பெரியம்மா வாட்சை முழுங்கிவிட்டார்கள் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன் :-)

உலோக வால்வின் மேல் ரத்தம் உறையும். உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம், வால்விலேயே அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஆயுசு முழுக்க 'அசிட்ரோம்' மாத்திரை. நம் ஊரில் வால்வு மாற்றிய யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். இது வார்ஃபரினின் தங்கச்சி. வார்ஃபரின் கதை சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் கெட்டுப்போன தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் என்ற வேதியியலாளரின் குழு அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் செய்த வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். "எலி பாஷாணத்தைத் தின்னுக்கிட்டா உசிரோட இருக்கேன்?" என்று கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்க எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மாத்திரையின் தொல்லை அளவுதான். கொஞ்சம் குறைந்தால் உறைவு, கொஞ்சம் கூடினால் ரத்தக்கசிவு. அதனால் ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. மாத்திரை எதுவும் சாப்பிடாத ஆளுக்கு அது 1 பக்கம் இருக்கும். பெரியம்மா மாதிரி மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்கு 3 பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காது. வைட்டமின் கே இருக்கிற சாப்பாடு அதை இறக்கும், சில வலி மாத்திரைகளும் ஆன்டிபயாடிக்குகளும் ஏற்றும். இப்போது யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர்ச் சாப்பாடே களியும் கீரைக் கடைசலும். முருங்கைக்கீரை, பண்ணைக்கீரை, கொல்லையில் முளைத்தது எல்லாம் சட்டிக்குப் போகும். வைட்டமின் கே-யின் தலைமை அலுவலகம் கீரைதான். கீரையே தொடாதே என்று ஒரு இடத்தில் பயமுறுத்தி அனுப்பினார்கள். பெரியம்மா ஆறு மாசம் தொடவில்லை. அப்புறம்தான் வேறொரு டாக்டர், 'சாப்பிடுங்க, ஆனா வாரா வாரம் ஒரே அளவா சாப்பிடுங்க' என்று சொன்னார். மழைக்காலத்தில் தினம் கீரை, கோடையில் கீரையே இல்லை என்கிற வீட்டில் ஒரே அளவுக்கு எங்கே போவது?

ஒரு தடவை முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையை நாலு நாள் போட்டுவிட்டார். ஐந்தாம் நாள் காலையில் பல் ஈறிலிருந்து ரத்தம், தலையணை முழுக்க. வண்டி பிடித்து தர்மபுரிக்குக் கொண்டு போனோம். ஐ.என்.ஆர். 7-க்கு மேல். ஊசி போட்டுச் சரி செய்தார்கள். கடைக்காரரும் கேட்கவில்லை, பெரியம்மாவும் சொல்லவில்லை. யாரைக் குற்றம் சொல்ல?

மாசம் ஒரு பரிசோதனை என்றால் எங்கள் கிராமத்துக்கு அது ஒரு முழு நாள். காலை பஸ், ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பு, சாயங்காலம் ரிசல்ட், திரும்பப் பஸ். ஒரு நாள் கூலி போச்சு. அதனால் மாசம் ஒன்று என்பது மூன்று மாசத்துக்கு ஒன்று ஆகும். நடவு நேரத்தில் அதுவும் கிடையாது.

இந்தப் பின்னணியோடுதான் நான் அந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

ஆர்.என்.ஏ. என்றதும் நம் மக்களுக்குக் கொரோனா ஊசி ஞாபகம் வரும். நம் ஊரில் பெரும்பாலோர் போட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் ஆர்.என்.ஏ. ஊசியே இல்லை, அது தனிக் கதை. இங்கே நான் பேசுவது ஆர்.என்.ஏ.வையே மருந்தாக்குவது, அல்லது நம் உடம்பின் ஆர்.என்.ஏ.வைக் குறி வைப்பது.

முதல் வகை ஆப்டமர். ஆர்.என்.ஏ. ஒரு நூல் மாதிரி. அதன் எழுத்து வரிசையைப் பொறுத்துத் தனக்குத் தானே சுருண்டு மடிந்து ஒரு உருவம் எடுக்கும். சில உருவங்கள் ஏதோ ஒரு புரதத்தில் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் புரூஸ் சலெஞ்சர், கிறிஸ்டோபர் ரஸ்கோனி குழு, ரத்தம் உறைவதற்குத் தேவையான 9-ஆம் காரணியில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் ஒரு ஆர்.என்.ஏ.வைக் கண்டுபிடித்து 2002-இல் வெளியிட்டது. அதோடு நின்றிருந்தால் அது இன்னொரு மருந்து, அவ்வளவுதான். அவர்கள் கூடவே மாற்று மருந்தையும் செய்தார்கள். அந்த நூலின் ஒரு பகுதிக்குச் சரியான ஜோடியாக இன்னொரு குட்டி நூல். அதை உடம்பில் செலுத்தினால் அது போய் முதல் நூலோடு பின்னிக்கொண்டு அதன் மடிப்பைக் கலைத்துவிடும். முடிச்சு அவிழ்ந்துவிட்டது, மருந்து செத்தது, ரத்தம் பழையபடி உறைய ஆரம்பிக்கும். மருந்து 31 எழுத்து, மாற்று மருந்து 15 எழுத்து. மாற்று மருந்துக்காக இன்னொரு இருபது வருஷம் தேட வேண்டியதில்லை, முதல் நூலின் வரிசை தெரிந்தால் இரண்டாவதை எழுதிவிடலாம். எனக்கு இது ஒரு கவிதை மாதிரி தெரிந்தது.

மனிதர்களிடம் முதல் சோதனை முடிவு 2006-இல் வந்தது. 85 ஆரோக்கியமான தன்னார்வலர்கள். மருந்து கொடுத்தால் உறைதல் நின்றது, மாற்று மருந்து கொடுத்தால் சில நிமிஷத்தில் திரும்பியது. பெரிய ஆபத்து எதுவும் தெரியவில்லை. அடுத்து இதய நோயாளிகள் 640 பேரிடம் ஒரு சோதனை. அதில் மூன்று பேருக்கு ஒவ்வாமை மாதிரி ஏதோ வந்தது. 640-க்கு 3 தானே? மருந்துக்குப் பெக்னிவாகோஜின் என்று பெயர் வைத்து, ஸ்டென்ட் வைக்கிற 13,200 பேரிடம் மூன்றாம் கட்டச் சோதனையை ஆரம்பித்தார்கள். 3,232 பேரைச் சேர்த்ததும் 2014-இல் நிறுத்த வேண்டி வந்தது. மருந்து வாங்கிய சுமார் 1,600 பேரில் 10 பேருக்குக் கடுமையான ஒவ்வாமை, ஒருவர் இறந்துபோனார்.

குற்றவாளி ஆர்.என்.ஏ. இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை, வேதனையும்கூட. ஆர்.என்.ஏ. நூல் சிறுநீரகத்தில் உடனே வெளியேறிவிடாமல் இருக்க அதோடு பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பெரிய மூலக்கூறைக் கட்டியிருந்தார்கள். மலச்சிக்கல் மருந்திலிருந்து அழகு சாதனப் பொருள் வரைக்கும் இருக்கிற சாதாரண வஸ்து. சிலர் உடம்பில் அதற்கு எதிராக ஏற்கெனவே ஆன்டிபாடி இருந்தது. வண்டி நன்றாக இருந்தது, அச்சாணி முறிந்துவிட்டது.

இங்கே என் கருத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரம்பக் கட்டச் சோதனை என்பது 'மருந்து நல்லது' என்று நிரூபிக்கும் இடம் இல்லை. 85 பேரிடம் தெரியாதது 640 பேரிடம் லேசாகத் தலை காட்டியது, 3,232 பேரிடம் முகத்தில் அறைந்தது. பேப்பரில் 'புரட்சி மருந்து, சோதனை வெற்றி' என்று நாலு வரி வரும்போது எத்தனை பேரிடம், எந்தக் கட்டம் என்று பார்க்காமல் குதிக்கக் கூடாது. நான் போன வருஷம் குதித்தேன், அதனால் சொல்கிறேன்.

இரண்டாவது வகை ஆன்டிசென்ஸ். இது புரதத்தைப் பிடிப்பதில்லை. கல்லீரலுக்குள் போய் அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லும் தூது ஆர்.என்.ஏ.வையே அழித்துவிடும். குறி 11-ஆம் காரணி. ஏன் 11? பிறவியிலேயே அது இல்லாதவர்கள் உண்டு. அவர்களுக்குச் சும்மா இருக்கும்போது ரத்தம் கொட்டுவதில்லை, ஆபரேஷன் மாதிரி சமயத்தில்தான் சிக்கல். ஆனால் கால் நரம்பு உறைவு அவர்களுக்குக் குறைவு. ஆக, கெட்ட உறைவுக்கு 11 வேண்டும், காயத்தை அடைக்க அது அவ்வளவாக வேண்டாம். இயற்கையே கொடுத்த க்ளூ. முட்டி மாற்று ஆபரேஷன் செய்யப் போகிற 300 பேரிடம் இதைச் சோதித்தார்கள், முடிவு 2014 டிசம்பரில் வந்தது. வழக்கமான எனாக்ஸாபரின் ஊசி போட்டவர்களில் 30 சதவீதத்துக்கு உறைவு (பெரும்பாலும் வெளியே தெரியாத, படம் எடுத்தால் மட்டும் தெரிகிற உறைவு). புது மருந்தை 300 மில்லிகிராம் போட்டவர்களில் வெறும் 4 சதவீதம். ரத்தக்கசிவும் கூடவில்லை. ஆனால் 200 மில்லிகிராம் போட்டவர்களில் 27 சதவீதம், அதாவது பழைய மருந்துக்குப் பக்கத்திலேயே. இன்னொன்று, ஆபரேஷனுக்கு 36 நாள் முன்பே ஊசியை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. மெல்ல ஏறும், மெல்ல இறங்கும்.

மூன்றாவது வகை குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. இதில்தான் நம் பக்கத்து ஊர் வருகிறது. ஃபிட்டுசிரான் என்ற மருந்து உறைவைத் தடுப்பதற்கு அல்ல, நேர் எதிர். ரத்தம் உறையாத ஹீமோஃபிலியாக்காரர்களுக்கு, உடம்பின் சொந்த உறைவுத் தடுப்பானான ஆன்டித்ராம்பினைக் குறைத்துத் தராசை உறைவு பக்கம் சாய்க்கிற மருந்து. அதன் மூன்றாம் கட்டச் சோதனை ஒன்று 120 பேரிடம் நடந்து 2023-இல் 'லான்செட் ஹீமட்டாலஜி'யில் வந்தது. கட்டுரையின் முதல் பெயர் வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. மாசம் ஒரே ஒரு தோலடி ஊசி, மருந்து வாங்கியவர்களில் பாதிப் பேருக்குச் சிகிச்சை தேவைப்படும் ரத்தக்கசிவு ஒன்றுகூட இல்லை. ஆனால் வழியில் 2017-இல் வேறொரு சோதனையில் ஒருவர் மூளையில் ரத்தம் உறைந்து இறந்தார். சோதனைகளை நிறுத்தி, விதிகளை மாற்றி, பின்னால் அளவையும் குறைத்து, 2025 மார்ச்சில்தான் அமெரிக்காவில் அனுமதி வந்தது. தராசை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது கொஞ்சம் கூடுதலாகச் சாயலாம். பெரியம்மா தலையணையில் நான் பார்த்ததும் அதுதான்.

ஆக, கடைசி பெஞ்சு நண்பா, அரூரிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் பஸ் ஏறினால் போய்ச் சேர்கிற ஊரில் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

இப்போது முக்கியமான இடம். மாசம் ஒரு ஊசி, கீரைக் கவலை இல்லை, ஐ.என்.ஆர். இல்லை என்றால் பெரியம்மாவுக்கு அது சொர்க்கம் இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, பெரியம்மா மாதிரி ஆட்களிடம் புது மருந்துகள் தோற்றிருக்கின்றன. டாபிகட்ரான் என்ற புது மாத்திரையை உலோக வால்வு வைத்தவர்களிடம் சோதித்து, உறைவும் கசிவும் கூடியதால் 2012-இல் நிறுத்தினார்கள். ருமாட்டிக் இதய நோயோடு துடிப்பும் தாறுமாறாக இருப்பவர்கள் நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் (பெரும்பாலும் பெண்கள், சராசரி வயது ஐம்பதுதான்) ரிவராக்சபானைப் பழைய மாத்திரையோடு ஒப்பிட்ட இன்விக்டஸ் சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. அதை நடத்தியவர்களில் முக்கியமானவர் டெல்லி எய்ம்ஸின் கணேசன் கார்த்திகேயன். ஜெயித்தது யார் தெரியுமா? நம் எலி மருந்து வம்சம்தான். இறப்பும் அந்தப் பக்கமே குறைவு. ஐ.என்.ஆர். பார்க்கிற சாக்கில் அடிக்கடி டாக்டரைப் பார்ப்பதும் காரணமாக இருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. பணக்கார நாட்டுக் கிழவர்களிடம் ஜெயித்த மருந்து நம் ஊர்ப் பெண்களிடமும் ஜெயிக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அவர்களிடமே சோதித்தால்தான் தெரியும்.

இரண்டு, பாம்பு. சிரிக்காதீர்கள். எங்கள் காட்டு மேட்டில் சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் சாதாரணம். இரண்டின் விஷமும் ரத்தத்தில் உள்ள உறைவுக் காரணிகளைத் தின்று தீர்த்து, ரத்தம் உறையாமல் செய்யும். விஷமுறிவு மருந்து விஷத்தை முறிக்கும், நாம் ஊசி போட்டுக் கல்லீரலில் நிறுத்தி வைத்த காரணியைத் திருப்பிக் கொடுக்காது. அசிட்ரோம் என்றால் நிறுத்தலாம், வைட்டமின் கே கொடுக்கலாம். வாரக்கணக்கில் உடம்பில் உட்கார்ந்திருக்கிற மருந்தை என்ன செய்வது? 11-ஆம் காரணி என்பதால் ஆபத்து குறைவாக இருக்கலாம். ஆனால் விரியன் கடித்த ஆளிடம் அதைச் சோதித்துப் பார்த்தவர் யார்? பாஸ்டனில் உட்கார்ந்து சோதனை வடிவமைப்பவருக்கு இந்தக் கேள்வியே தோன்றாது. அரூரில் வளர்ந்தவனுக்கு முதலில் தோன்றுவது இதுதான். அதனால்தான் டியூக் குழுவின் அந்த 15 எழுத்து மாற்று மருந்து எனக்கு ஊசி இடைவெளியைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

'அப்படின்னா உங்க ஊர் ஆளுங்களை எலியாக்கச் சொல்றியா?' என்று கேட்பீர்கள். 2010-இல் ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. பழங்குடிச் சிறுமிகளுக்கு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்ட ஆய்வில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் ஒப்புதலில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அரசு அந்த ஆய்வையே நிறுத்தியது. சிறுமிகளின் இறப்புக்கு ஊசி காரணம் இல்லை என்று விசாரணையில் தெரிந்தாலும், கையெழுத்து விவகாரம் அப்படியே நின்றது. 2019-இல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளில் பாதிப்புக்கு இழப்பீடு உண்டு, சோதனை முடிந்த பிறகும் பங்கேற்றவருக்கு நிபந்தனையோடு இலவசமாக மருந்து தர வழி உண்டு. ஆனால் பக்கத்து வீட்டு வால்வுக்காரருக்கு அந்த விதியால் ஒன்றும் கிடைக்காது. அவருக்கு விலைதான் விதி.

என் நிலைப்பாடு இதுதான்: சோதனை வேண்டாம் என்று கதவைச் சாத்துவதும் ஒரு அநியாயம்தான். சாத்தினால் நம் பெண்களுக்கு எது பொருந்தும் என்று எப்போதுமே தெரியாது. முதல் கட்டத்துக்கு எங்கள் மலைக் கிராமம் வேண்டாம், அதற்கு அவசர சிகிச்சை பக்கத்திலேயே இருக்கிற இடம் வேண்டும். ஆனால் அடுத்த கட்டங்களில் ருமாட்டிக் நோயாளிகளைச் சேர்க்காத மருந்தை, அவர்களுக்கும் நல்லது என்று பின்னால் விற்க வரக் கூடாது. சேர்ப்பதாக இருந்தால் தமிழில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, இரண்டு தடவை விளக்கிவிட்டு, 'மாட்டேன்' என்று சொன்னால் சிரித்துக்கொண்டே எழுந்து போகிற ஆட்கள் வர வேண்டும்.

எங்கள் பக்கம் தொடர்ந்து கண்காணிக்க முடியாது, படிக்காத ஜனங்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இதே அரூர்ப் பக்கம் சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-இல் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் ஒரு மருத்துவமனையை ஆரம்பித்தார்கள். உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்துத்தான் இத்தனை வருஷம் நடத்துகிறார்கள். கணக்கு வைக்க எங்கள் பெண்களுக்குத் தெரியும். பெரியம்மா தன் ஐ.என்.ஆர். எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார், தேதியோடு.

மருந்து வரும்வரை என்ன செய்வது? சர்க்கரை பார்ப்பது மாதிரி விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் கையடக்கக் கருவி உலகத்தில் இருக்கிறது. ஸ்ட்ரிப் விலைதான் சர்க்கரை ஸ்ட்ரிப்பைவிடப் பல மடங்கு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் (2004 வரைக்கும் அதுவும் தர்மபுரி மாவட்டம்தான், ஹி ஹி) மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பி.பி.க்கும் சுகருக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஐ.என்.ஆர். கருவி கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்? ஒரு வட்டாரத்தில் வால்வு மாற்றியவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். கொஞ்சம் பேர் என்பதால்தான் யாரும் கேட்பதில்லை என்றும் தோன்றுகிறது.

நேற்று போன் பண்ணினேன். செமினாரில் உங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுட்டேன் என்றேன். "என்னைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு? வர்ற திங்கக்கெழம ரத்தம் குடுக்கப் போவணும், காலை பஸ்ஸு ஓடுதான்னு உங்கப்பனைக் கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். ஓடுகிறதாம்.